பழைய கிட்டைக் குப்பை என்கிறவர்களுக்கு

பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு பழைய கிட்டை எடுத்து மேசை மேல் வைத்துப் பாருங்கள். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் வார்த்த ஒரு ஸ்பிட்ஃபயர், ஒரு லான்காஸ்டர், ஒரு நாட்... எதுவானாலும் சரி. ஐந்தே நிமிடத்தில் இரண்டு கட்சி பிரிந்துவிடும்.

ஒரு கட்சி, "இந்தக் குப்பையையா செய்யப் போறே? அதே விமானம் புதுசா வந்தாச்சு பாஸ், அதை வாங்கு" என்னும். இன்னொரு கட்சி, "ஐயய்யோ, இதைப் போய் பிரிக்கலாமா? அப்படியே வெச்சிருந்தா விலை ஏறுமே" என்று பதறும்.

முதல் கட்சிக்கு அது குப்பை. இரண்டாம் கட்சிக்கு அது புதையல். பேச்சுதான் வேறு வேறு. இருவரும் போய்ச் சேரும் இடம் ஒன்று. பெட்டி மூடியே இருக்க வேண்டும், யாரும் பசையைத் தொடக் கூடாது!

இரண்டு கட்சியும் சொல்வது தவறு. பழைய கிட்டைப் பிரிக்க வேண்டும், ஒட்ட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், முடிக்க வேண்டும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு

பிளாஸ்டிக் கிட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நிஜ விமானத்தைக் குறிப்பிட்ட அளவில் சிறிதாக்கி, இறக்கை, வால், சக்கரம், விமானி என்று துண்டு துண்டாக பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்து, ஒரு சட்டத்தோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் ஸ்ப்ரூ. அதிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி, தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீகால்களை ஒட்டினால் விமானம் தயார்.

அதிகம் புழங்கும் அளவு 1/72. அதாவது நிஜத்தில் ஆறடி என்றால் மாடலில் ஒரு அங்குலம். 36 அடி 10 அங்குல இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர், 1/72இல் சுமார் 15.6 சென்டிமீட்டர்.

இந்தப் பொழுதுபோக்கை பிரிட்டனில் வீடு வீடாகக் கொண்டுபோன பெயர் ஏர்ஃபிக்ஸ். ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் 1939இல் தொடங்கிய நிறுவனம். முதலில் செய்தது காற்றடைத்த ரப்பர் பொம்மைகள். பிறகு பிளாஸ்டிக் சீப்புகள். (ஆமாம், தலை சீவும் சீப்புதான்!) 1952இல் கோல்டன் ஹிண்ட் என்ற பாய்மரக் கப்பலின் கிட்டை வூல்வொர்த்ஸ் கடைகள் வழியாக விற்றார்கள். விலை இரண்டு ஷில்லிங். அந்த விலைக்குள் அடக்க வேண்டும் என்பதற்காகவே அட்டைப் பெட்டியைக் கைவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஒரு காகிதத் தலைப்பைக் குத்தி விற்றார்கள். 1950களின் நடுவில் ஸ்பிட்ஃபயர் வந்தது. அது அமெரிக்க அரோரா நிறுவனத்தின் 1/48 ஸ்பிட்ஃபயரைப் பார்த்துச் சிறிதாக்கியது. உருவத்தில் ஏகப்பட்ட தப்பு. இது விற்குமா என்று கோவுக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் விற்றது. சாதாரண வீட்டுப் பையன்கள் கைக்காசைக் கொடுத்து வாங்கினார்கள்.

இந்த இரண்டு ஷில்லிங்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

குப்பைக் கட்சியின் குற்றப்பத்திரிகை

பழைய கிட் மேல் சொல்லப்படும் குறைகள் பொய்யில்லை. அவை இவை:

1. ஓரமெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அச்சு என்பது இரண்டு பாதி எஃகு. பல வருடம் அடித்து அடித்துத் தேய்ந்தால் இடுக்கு வழியே உருகிய பிளாஸ்டிக் கசிந்துவிடும். அதுதான் பிசிறு.

2. பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழும்.

3. தகடுகள் சேரும் கோடுகள் உள்ளே பதிந்திருக்காமல் மேலே புடைத்திருக்கும். சில கிட்களில் ஆணித் தலைகள் வேர்க்குரு மாதிரி நிற்கும்.

4. காக்பிட்டில் ஒன்றும் இருக்காது. ஒரு இருக்கை, ஒரு விமானி. சிலவற்றில் அந்த இருக்கைகூட ஒரு வெறும் பலகைதான்.

5. டீகால் மஞ்சளடித்திருக்கும். தண்ணீரில் போட்டால் துண்டு துண்டாக உடையும்.

6. எல்லாவற்றுக்கும் மேலாக, உருவம் நிஜத்தைப் போல இருக்காது.

முதல் ஐந்தும் வேலை. ஆறாவது மட்டும்தான் வாதம். வேலையை முதலில் முடித்துவிடலாம்.

பிசிறைக் கூர்மையான கத்தியால் சுரண்டினால் போய்விடும். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசினால் அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு போகும், பெயின்ட் பிடிக்கும். வளைந்த இறக்கையைச் சூடான தண்ணீரில் காட்டி நிமிர்த்தலாம். இடைவெளியைப் புட்டி வைத்து அடைத்து, 400இல் தொடங்கி 1000 வரை உப்புத்தாள் போட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் இணைப்பு மறையும். மஞ்சளான டீகாலைக் கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். உடையும் என்று தோன்றினால் முன்கூட்டியே மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்துக் காயவைத்தால் போதும். ஏரியல் கம்பி இல்லையா? மிச்ச ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, இளகியதும் மெல்ல இழுங்கள். தலைமுடி போல இழை வரும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இதில் எது முடியாத வேலை? எதுவுமில்லை. இவை அத்தனையும் சேர்ந்ததுதான் இந்தக் கலையே! இன்றைய நல்ல ஜப்பான் கிட்கள் பசையே தேவையில்லை என்னும் அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் அப்படிப்பட்ட பத்து கிட்களை முடித்தவன், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பார்த்ததும் கை நடுங்கிப் போய்க் குப்பை என்று கத்துகிறான். கிட் தயாரித்தவனின் திறமையைத் தன் திறமை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். சோறு வடிக்கத் தெரியாதவன் அரிசியைத் திட்டுகிற கதை.

"நிஜம் மாதிரி இல்லையே!"

இப்போது ஆறாவது குற்றச்சாட்டு. குப்பைக் கட்சியின் பிரம்மாஸ்திரம் இதுதான். ஆங்கில உலகில் இவர்களுக்கு ஆணி எண்ணுகிறவர்கள் என்றே பட்டப்பெயர் உண்டு. மாடலின் மூக்கு ஒரு மில்லிமீட்டர் நீளம், புடைத்த கோடு தப்பு, பதிந்த கோடுதான் சரி...

சரி, கணக்குப் போடலாம். புதிய கிட்டில் பதிந்திருக்கும் கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 72ஆல் பெருக்கினால் 14.4 மில்லிமீட்டர். நிஜ விமானத்தின் தகடுகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் வாய்க்காலா ஓடியது? விரலை விட்டால் உள்ளே போகும்! அப்படி ஒரு போர் விமானம் இருந்தால் அதைச் செய்த தொழிற்சாலையை இழுத்து மூடியிருப்பார்கள். 0.1 மில்லிமீட்டர் புடைப்பும் பொய், 0.2 மில்லிமீட்டர் பள்ளமும் பொய். ஒரு பொய்யை ஃபேஷன் என்று ஏற்றுக்கொண்டு இன்னொரு பொய்யைப் பழசு என்று ஒதுக்குவதற்கு உண்மைப்பற்று என்று பெயர் வைப்பது வேடிக்கை.

இதைவிட ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பி-51 மஸ்டாங். அதன் இறக்கையின் மேல் காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக, தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் ஆணித் தலைகளையும் தகடு இணைப்புகளையும் புட்டி போட்டு அடைத்து, தேய்த்து, மேலே வண்ணம் பூசினார்கள். ஆக, புதிதாக வந்த மஸ்டாங்கின் இறக்கையில் அந்தக் கோடுகளே தெரியாது. ஆனால் இன்று விலை உயர்ந்த கிட்களிலும் அந்த இறக்கையில் வரிசை வரிசையாக ஆணிகளைப் பதித்துத் தருகிறார்கள். காரணம்? கோடு இல்லாவிட்டால் வாங்குகிறவர் குறை என்பார்! உப்புத்தாள் போட்டு எல்லாவற்றையும் வழவழப்பாக்கிய ஒரு பள்ளிப் பையனின் பழைய மஸ்டாங், அந்த ஒரு விஷயத்தில் நிஜத்துக்கு நெருக்கமானது. ஆணி எண்ணுகிறவர்கள் இல்லாத ஆணியை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் தப்பான உருவம் முக்கியமே இல்லையா? முக்கியம்தான். ஆனால் அந்தத் தப்புக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1986இல் டெஸ்டர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் எஃப்-19 என்ற ரகசிய ஸ்டெல்த் போர் விமானத்தின் மாடலை வெளியிட்டது. ரேடாரில் சிக்காத ஒரு விமானம் எங்கோ பறக்கிறது என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்; அரசு மட்டும் வாயைத் திறக்கவில்லை. கிட் சக்கைப்போடு போட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில்கூட அதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. 1988 நவம்பரில் அமெரிக்க விமானப்படை நிஜ விமானத்தின் படத்தை வெளியிட்டது. பெயர் எஃப்-117. கிட்டில் இருந்தது வழவழப்பான வளைவுகள். நிஜத்தில் இருந்ததோ வைரக்கல்லைப் பட்டை தீட்டியது போன்ற தட்டையான முகங்கள். கிட் முழுக்கத் தப்பு!

ஆனால் ஒரு சாதாரண மனிதனுக்கு 1986இல் எவ்வளவு தெரியும், எதைத் தெரியவிடாமல் வைத்திருந்தார்கள், அந்த இடைவெளியைக் கற்பனை எப்படி நிரப்பியது என்பதற்கு அதைவிடக் கைப்பிடியான சாட்சி வேறு இல்லை. அதைக் குப்பைத் தொட்டியில் போடு என்பவருக்கு விமானமும் தெரியாது, சரித்திரமும் தெரியாது.

தப்பு தேட வைக்கும். இந்திய வாசகர்களுக்குச் சட்டென்று புரியும் உதாரணம் நாட். ஏர்ஃபிக்ஸின் பழைய 1/72 நாட், பிரிட்டிஷ் ரெட் ஏரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை ஓட்டிய இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். 1965 போரில் இந்திய விமானப்படை ஓட்டியதும், பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுத் தயாரித்ததும், 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் தனியாகப் போரிட்டு இறந்த நிர்மல் ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் ஒற்றை இருக்கைப் போர் விமானம். அந்தப் போருக்காக அவருக்குப் பரம வீர சக்கரம் கிடைத்தது. இந்திய விமானப்படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான். பழைய நாட் கிட்டை வாங்கி அதில் இந்திய அடையாளம் ஒட்ட நினைக்கிற ஒருவன் முதல் நாளிலேயே முட்டிக்கொள்வான். ஏன் இரண்டு இருக்கை? ஏன் இறக்கை வேறு மாதிரி? தேட ஆரம்பிப்பான். தேடி முடிக்கும்போது அவனுக்கு இரண்டு நாட்டும் தெரியும், 1965ம் தெரியும், 1971ம் தெரியும். எல்லாம் சரியாக இருக்கும் பெட்டியைத் திறந்தவனுக்கு இப்படி முட்டிக்கொள்ளும் பாக்கியம் கிடைப்பதில்லை.

இன்னொன்று. ஏர்ஃபிக்ஸின் தொடக்க கால விளக்கத்தாள்களில் ஒவ்வொரு படியும் வார்த்தையில் எழுதியிருக்கும். எந்தப் பாகத்துக்கு என்ன பெயர், எதை எதோடு ஒட்ட வேண்டும் என்று. உலகம் முழுக்க விற்க வேண்டும் என்று பிற்பாடு வார்த்தைகள் போய், எண்ணும் அம்புக்குறியும் மட்டும் மிஞ்சின. 23ஐ 24இல் ஒட்டு. முடிந்தது. பழைய தாளைப் படித்து ஒட்டியவனுக்கு எயிலரான் எது, டெயில்பிளேன் எது என்று வாயில் வரும். அம்புக்குறியைப் பார்த்து ஒட்டியவனுக்கு அது 23தான்.

புதையல் கட்சிக்கு

அடுத்து பூதம் காத்த கட்சி. இவர்கள் அலமாரி நிறையப் பெட்டி வைத்திருப்பார்கள். ஒன்றைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். கேட்டால் அபூர்வம் என்பார்கள், முதலீடு என்பார்கள்.

இவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று: பெட்டிதான் பழசு, அச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. அச்சு எஃகு. எடுத்து மறுபடி மெஷினில் பூட்டினால் மறுபடி கிட் வரும். ஏர்ஃபிக்ஸின் கதையைப் பாருங்கள். 1981இல் திவால். அச்சுகள் பாலிடாய் கைக்குப் போயின. 1986இல் ஹம்ப்ரோல் கைக்கு. 2006இல் ஹம்ப்ரோலும் படுத்துவிட, அதே வருடம் ஹார்ன்பி வாங்கியது. 2010களின் கடைசியில் ஹார்ன்பி என்ன செய்தது? விண்டேஜ் கிளாசிக்ஸ் என்று பெயரிட்டு, பழைய அச்சுகளையே வெளியே எடுத்து, பழைய பெட்டிப் படங்களோடு மறுபடி அடித்து விற்க ஆரம்பித்தது! அபூர்வம் என்று கட்டிக் காத்த கிட் அடுத்த தெருக் கடையில் புத்தம் புதிதாகத் தொங்குகிறது.

ஃபிராக் என்ற இன்னொரு பிரிட்டிஷ் பெயரின் கதை இன்னும் சுவாரசியம். 1970களின் பிற்பாதியில் அது மூடப்பட்டபோது அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போனது. நோவோ என்ற பெயரில் அங்கிருந்து கிட்கள் வந்தன. ஆனால் ஜெர்மன், ஜப்பான் விமான அச்சுகள் அந்தப் பயணத்தில் இல்லை. அவை ரெவெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் இரண்டு கோடிக்கும் மேல் மக்களை இழந்த நாட்டில் ஒரு பொம்மை விமானத்தின் அச்சுகூட வெறும் அச்சாக இருக்க முடியவில்லை. இந்தக் கதையெல்லாம் ஒட்டாத பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறது.

பெட்டிக்குள் இருப்பது பத்திரமாக இருக்கும் என்பதும் கட்டுக்கதை. டீகால் மஞ்சளாவது பெட்டிக்குள்தான். சில பழைய கிட்களில் வரும் ரப்பர் போன்ற மென்மையான டயர், வருடக்கணக்கில் பட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை அரித்து உருக்கிவிடும். பூட்டி வைத்தவர் ஒருநாள் திறந்து பார்க்கும்போது, புதையல் தன்னைத் தானே தின்றிருக்கும்.

அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய நாலைந்து முதல் பதிப்புகள் உண்டு. அவற்றை யாரும் ஒட்டச் சொல்லவில்லை. அலமாரியில் இருநூறு பெட்டி வைத்திருப்பவர் அருங்காட்சியகம் நடத்தவில்லை. அவர் நடத்துவது கிடங்கு.

இரண்டு ஷில்லிங் எங்கே போனது?

இனி இரண்டு கட்சிக்கும் பொதுவான கேள்வி. இந்தப் பொழுதுபோக்கு யாருக்கு?

குப்பைக் கட்சிக்காரர் ஒரு கிட் வாங்குவார். பிறகு அதற்கு ரெசினில் வார்த்த தனிக் காக்பிட், பித்தளைத் தகட்டில் பொறித்த பெல்ட், கடைந்த உலோகத் துப்பாக்கிக் குழல், தனி டீகால், கேனபி மறைக்கத் தனி ஸ்டிக்கர்... கிட்டின் விலையைவிட மேல்செலவு அதிகம். புதையல் கட்சிக்காரர் பழைய கிட்டை வாங்கிப் பதுக்கி அதன் விலையை ஏற்றுவார். ஒருவர் புதியதை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோகிறார், இன்னொருவர் பழையதை எட்டாத உயரத்துக்கு. நடுவில் காசு குறைவாக உள்ள பதினாலு வயதுப் பிள்ளை எதைத் தொடும்?

அந்த ஏர்ஃபிக்ஸ் பை இரண்டு ஷில்லிங்குக்கு வந்ததற்குக் காரணம், யாரோ பெட்டியைக் கைவிட்டதுதான். தரத்தில் சமரசம்! இன்று அப்படி ஒருவர் செய்தால் முதல் நாளே கிழித்துத் தொங்கவிடுவார்கள். அந்தச் சமரசத்தால்தான் ஒரு தலைமுறைக்கே கையால் செய்யும் பழக்கம் வந்தது. 2010களில் ஏர்ஃபிக்ஸின் பல புது 1/72 கிட்கள் இந்தியாவில் வார்க்கப்பட்டன. பெட்டியிலேயே இந்தியத் தயாரிப்பு என்று அச்சாகியிருந்தது. கிட் இங்கே பிறந்தது. வாங்கி ஒட்டிய கைகளில் பெரும்பாலானவை வேறு எங்கோ. இதைப் பற்றி எந்த ஆணி எண்ணுகிறவரும் கவலைப்பட்டதில்லை.

தொடங்குகிறவனுக்குப் பழைய சின்ன கிட்டைவிட நல்லது கிடையாது. பாகங்கள் குறைவு. கெட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை. பயமில்லாமல் உப்புத்தாள் போடலாம். பயமில்லாமல் செய்த பத்து கெட்ட மாடல்தான் பதினோராவது நல்ல மாடலைத் தரும்.

போர்ப் பொம்மைதானே என்பவர்களுக்கு

மூன்றாவது ஒரு குரலும் உண்டு. "கொலைக்கருவியை அழகாகச் செய்து அலமாரியில் வைப்பதில் என்ன பெருமை?" முன்னால் பேசிய இரண்டு கட்சியைவிட இவர்கள் கேள்வி மரியாதைக்குரியது. பதிலும் மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும்.

கிட் நிறுவனங்களே இந்தக் கேள்விக்கு ஒரு மோசமான பதிலைத் தேடின. 1960களில் ராய் கிராஸ் வரைந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிப் படங்களில் தீ எரியும், புகை எழும், குண்டு விழும். பிற்காலத்தில் அதே படங்களிலிருந்து வெடிப்பையும் எதிரி விமானத்தையும் அழித்துவிட்டு அச்சடித்தார்கள். ஜெர்மன் விமானங்களின் டீகால் தாள்களில் பலவற்றில் வால் பகுதி ஸ்வஸ்திகா இருக்காது. அங்குள்ள சட்டச் சிக்கல் காரணம். விளைவு? வானத்தில் சும்மா உலா போகிற ஒரு குண்டுவீச்சு விமானம். யாரையும் கொல்லாத, யாருக்காகவும் பறக்காத ஒரு சுத்தமான இயந்திரம். இதுதான் ஆபத்து. போரைக் காட்டுவதைவிடப் போரே இல்லாத போர் விமானத்தைக் காட்டுவது பெரிய பொய்.

ஒரு லான்காஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்ஃபிக்ஸ் முதன்முதலில் 1958இல் வெளியிட்ட விமானம். இறக்கை 102 அடி, 1/72இல் சரியாக 17 அங்குலம். ஏழு பேர் குழு. இரவில் ஜெர்மன் நகரங்கள் மேல் குண்டு போடப் போவார்கள். 1943 ஜூலை கடைசியில் ஹாம்பர்க் நகரம் எரிந்தபோது ஒரே வாரத்தில் சுமார் 40,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சாதாரண மக்கள். குண்டு போட்டவர்கள் பக்கமும் சாவுக்குக் குறைவில்லை. பிரிட்டிஷ் பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை.

அந்தப் படையின் ஆய்வுப் பிரிவில் ஃப்ரீமேன் டைசன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இயற்பியலாளர். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் தப்பினார்கள் என்று அங்கே கணக்கெடுத்தார்கள். ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் நூற்றுக்கு 25 பேர் அளவில் தப்பினார்கள். லான்காஸ்டரில் 15 பேர்தான். ஒரு காரணம், மூக்கின் தரையில் இருந்த தப்பிக்கும் கதவு. அதன் அகலம் 22 அங்குலம். ஹாலிஃபாக்ஸின் கதவைவிட இரண்டு அங்குலம் போலக் குறுகல். கனத்த உடுப்பு, பாராசூட், இருட்டு, சுழன்று விழும் விமானம்... அந்த இரண்டு அங்குலத்தில் எத்தனையோ பையன்கள் சிக்கிக்கொண்டார்கள். கதவை அகலப்படுத்தச் சொல்லி வாதாடினார்கள். போர் முடியும் வரை பெரும்பாலும் அப்படியே இருந்தது.

22 அங்குலத்தை 72ஆல் வகுத்தால் எட்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய கிட்டில் அந்தக் கதவு சரியாக இருக்கிறதா என்பது முக்கியமில்லை. மூக்கின் அடியில் ஒரு பென்சிலால் எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கட்டம் போடுங்கள். ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய ஒரு அங்குல விமானியை அந்தக் கட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அவனுக்குப் பாராசூட்டையும் மாட்டி விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ண வேண்டும் என்றால் எண்ண வேண்டியது இது. ஆணியை எண்ணாமல் அங்குலத்தை எண்ணலாம். ஏழு பொம்மை மனிதர்களைத் தன் கையால் உள்ளே வைத்து, மேலே மூடி ஒட்டியவனுக்கு இது புரிய வாய்ப்பிருக்கிறது. பெட்டியைப் பூட்டியவனுக்கும் புரியாது, பித்தளை பெல்ட்டைத் தேடிப் பட்டியல் புரட்டுகிறவனுக்கும் புரியாது. கையால் செய்வதே ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் மணிக்கணக்கில் ஒரு பொருளோடு உட்கார்ந்தவன் அதைப் பற்றிக் கேள்வி கேட்பான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவன் அழகு என்று சொல்லிவிட்டுப் போவான்.

கடைசியாக

புதிய கிட்கள் வரட்டும். இன்று நிஜ விமானத்தை லேசரால் அளந்து கணினியில் வரைந்து அச்சு வெட்டுகிறார்கள், அற்புதமான வேலை. போட்டிக்குப் போகிறவர், ஒரு குறிப்பிட்ட விமானத்தைத் துல்லியமாகச் செய்ய நினைப்பவர் அதை வாங்கட்டும். யாரும் தடுக்கவில்லை.

ஆனால் யாராவது ஒரு பழைய கிட்டோடு வந்து நின்றால், "குப்பை" என்று சொல்லி அவன் ஆசையில் மண்ணைப் போடாதீர்கள். "பிரிக்காதே" என்று சொல்லி அவன் கையைக் கட்டாதீர்கள். உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுங்கள். மிச்சமிருக்கும் புட்டியைக் கொடுங்கள். ஒரு டப்பா ஹம்ப்ரோல் 29ம் ஒரு டப்பா 30ம், அதாவது மண் நிறமும் கரும்பச்சையும், இருந்தால் ஒரு ஸ்பிட்ஃபயரின் முதுகை முடித்துவிடலாம்.

அவன் செய்யும் முதல் விமானம் கோணலாகத்தான் இருக்கும். கேனபியில் பசைக் கைரேகை இருக்கும். ஒரு சக்கரம் தரையைத் தொடாது. பரவாயில்லை. அலமாரியில் இருக்கும் அந்த இருநூறு பெட்டிகளில் ஒன்றுகூட இன்னும் விமானம் ஆகவில்லை. அவனுடையது ஆகிவிட்டது.